13க்கு 17 அறையில் 8 அடி பூல் டேபிள்: "சுற்றி நாலடி" போதுமா?

திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 2023 ஜூன் 4:

"அண்ணா, வீட்டு மாடியில் ஒரு ஹால் சும்மா கிடக்கிறது. பிளானில் 13க்கு 17 என்று போட்டிருக்கிறது. 8 அடி பூல் டேபிள் தாராளமாகப் பிடிக்கும், சுற்றி நாலடி விட்டால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். 7 அடி சின்னப் பிள்ளைகளுக்காம். அட்வான்ஸ் கொடுத்துவிடவா?"

2023 ஜூன் 4, இரவு 9.40

கொடுக்காதீர்கள். முதலில் அறையை அளந்து பாருங்கள்.

"சுற்றி நாலடி" என்ற இதே வார்த்தையை 2016இல் எனக்கும் ஒரு கடையில் சொன்னார்கள். மடிப்பாக்கத்தில் எங்கள் மாடி அறையின் அகலம் 12 அடி 8 இன்ச். கடையில் பார்த்த 8 அடி டேபிளின் வெளி அகலம் 4 அடி 8 இன்ச். கழித்தால் 8 அடி, பக்கத்துக்கு நாலு. அச்சாகப் பொருந்துகிறதே என்று அன்றைக்கே பணம் கட்டினேன். டேபிள் வந்து இறங்கிய மாலை, குறுக்கே ஆடிய முதல் ஷாட்டிலேயே க்யூவின், அதாவது பந்தை அடிக்கும் குச்சியின், அடிப்பக்கம் சுவரில் இடித்தது.

ஆள் நடக்க நாலடி தாராளம். க்யூவுக்குத்தான் பத்தாது. குஷன் என்பது டேபிளின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் வரம்பு, அதன் முன்விளிம்புதான் மூக்கு. க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து குஷனை ஒட்டி நிற்கும்போது க்யூவின் முனை குஷன் மூக்குக்கு நேரே இருக்கும். மீதி நீளம் முழுக்க டேபிளுக்கு வெளியே. க்யூ 57 அல்லது 58 இன்ச். மூக்கிலிருந்து ரெயிலின், அதாவது டேபிள் சட்டத்தின், வெளி விளிம்பு வரை 6 இன்ச், அதற்கு மேல் நாலடி, ஆக 54 இன்ச். 58 இன்ச் குச்சியை 54 இன்ச் இடத்தில் எப்படி நீட்டுவது? நாலு இன்ச் அப்போதே குறைகிறது.

2023 ஜூன் 4, இரவு 11.15

கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரு பக்கத்துக் குஷன் மூக்கிலிருந்து எதிர்ப்பக்க மூக்கு வரை உள்ளதுதான் ஆடுதளம். அதோடு இரண்டு க்யூ நீளத்தைக் கூட்டினால் அறைக்கு வேண்டிய அளவு வரும். 7 அடி டேபிளின் ஆடுதளம் 78க்கு 39 இன்ச், 8 அடிக்கு 88க்கு 44, போட்டிகளில் பார்க்கும் 9 அடிக்கு 100க்கு 50. 58 இன்ச் க்யூ வைத்துக் கூட்டினால் 7 அடி டேபிள் 12 அடி 11 இன்ச் அகலமும் 16 அடி 2 இன்ச் நீளமும் கேட்கும். 8 அடி டேபிள் 13 அடி 4க்கு 17 அடி. 9 அடி டேபிளுக்கு ஏறக்குறைய 14க்கு 18.

உங்கள் அறையில் 8 அடி டேபிள் நீளவாக்கில் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அகலத்தில் 4 இன்ச் பற்றாது.

2023 ஜூன் 6

தம்பி பிளானில் உள்ள அளவை மறுபடியும் அனுப்பியிருக்கிறார். பிளான் வேண்டாம் தம்பி, டேப் வேண்டும்.

பிளானில் இருப்பது பெரும்பாலும் செங்கலிலிருந்து செங்கல் வரை. பூச்சு பக்கத்துக்கு அரை இன்ச் தின்றுவிடும். தூண் வேறு இருக்கிறது. 9 இன்ச் தூணை நாலரை இன்ச் சுவரோடு சேர்த்துக் கட்டினால் மீதி நாலரை இன்ச் அறைக்குள்தானே துருத்தும்? நம் ஊர் வீடுகளில் இது இல்லாத அறை அபூர்வம். மூலையில் துருத்தினால் பெரிய தொந்தரவு இல்லை. நீளச் சுவரின் நடுவில், பந்து விழும் நடு பாக்கெட்டுக்கு நேரே வந்தால்தான் வேதனை.

தரையில் டேப்பை நீட்டி அளக்காதீர்கள். க்யூவின் அடிப்பக்கம் தரையிலிருந்து 3 அடி, மூணேகால் அடி உயரத்தில் பின்னால் போகும். அந்த உயரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஜன்னல் கிரில்லின் கொண்டி, சுவிட்ச் போர்டு, அலமாரிக் கைப்பிடி, உள்பக்கம் திறக்கும் கதவு. மேலே பரண் இருந்தால் கவலை இல்லை, அது 7 அடிக்கு மேல்.

2023 ஜூன் 11

அளந்துவிட்டார். அகலம் 12 அடி 10½ இன்ச், நீளம் 16 அடி 11 இன்ச். இரண்டு மூலைகளில் தூண் 4 இன்ச் துருத்துகிறது. நடுவில் எதுவும் இல்லை, அது அதிர்ஷ்டம்.

இப்போது என் தவறு ஒன்று. ஜூன் 4 இரவு நான் சொன்ன கணக்கில் க்யூ சுவரைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும். அடிக்க வேண்டுமானால் குச்சியைப் பின்னால் இழுக்க வேண்டுமே! சாதாரண ஷாட்டுக்கு 5, 6 இன்ச் இழுப்பு தேவை. கடைகளில் ஒட்டியிருக்கும் அட்டவணைகள் பலவற்றிலும் இந்த இழுப்பு சேராது. நானும் அதே அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டேன். அகலத்துக்கும் நீளத்துக்கும் தலா 10, 12 இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் அறையில் போட்டுப் பார்ப்போம்.

8 அடி டேபிள்: அகலத்தில் மூக்குக்கும் சுவருக்கும் இடையே பக்கத்துக்கு 55¼ இன்ச். 58 இன்ச் க்யூ நுழையாது. 52 இன்ச் நுழையும், இழுப்புக்கு மூணேகால் இன்ச்தான் மிஞ்சும். 48 இன்ச் எடுத்தால்தான் நிம்மதி. நீளவாக்கில் 57½ இன்ச், அங்கேயும் 58 முட்டும். ஆக நாலு பக்கமும் குட்டைக் குச்சி.

7 அடி டேபிள்: அகலத்தில் பக்கத்துக்கு 57¾. 52 இன்ச் க்யூவுக்கு 5¾ இன்ச் இழுப்பு. நீளவாக்கில் 62½, முழு 58 க்யூவுக்கே நாலரை இன்ச் கிடைக்கிறது. ஆகவே குறுக்கே ஆடும் ஷாட்டுக்கு மட்டும் ஒரு 52 இன்ச் க்யூ, மற்றதெல்லாம் முழு நீளம்.

7 அடிதான் தம்பி. எனக்குச் சந்தேகமே இல்லை.

2023 ஜூன் 12

"க்யூவின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் சுவர் இடிக்காதே?" என்று ஒருவர். ஆறு வருஷம் அதைத்தான் செய்தேன். 58 இன்ச் க்யூவை 15 டிகிரி தூக்கினால் கிடைப்பது 2 இன்ச். அதற்காக அடிப்பக்கம் 15 இன்ச் மேலே போகிறது. மேலிருந்து குத்தும் அடியில் வெள்ளைப் பந்து லேசாகத் துள்ளும். நடுவில் படாமல் கொஞ்சம் விலகினாலும் வளைந்து போகும். நேர் ஷாட்டெல்லாம் கோணலாகும். அப்படியே பழகியதால் என் கை கெட்டது. நல்ல டேபிளில் ஆடப் போனாலும் பின்கை தானாகத் தூக்கிக்கொண்டது.

2023 ஜூன் 13

நேற்று எழுதாமல் விட்டது. சுவர் எல்லா ஷாட்டிலும் இடிக்காது. சுவருக்கு நேர்க்குத்தாக நின்று ஆடும்போதுதான் இடம் மிகக் குறைவு. சாய்வாக ஆடினால் க்யூவும் சாய்வாக நீளும், சுவர் தள்ளிப்போகும். பந்து குஷனிலிருந்து ஒரு சாண் உள்ளே இருந்தால் அந்த ஒரு சாணும் லாபம். எங்கள் 8 அடி டேபிளில் பத்து ஷாட்டுக்கு இரண்டு மூன்றில்தான் சுவர் குறுக்கிட்டது. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு மூன்றும் எப்போது வரும்? கடைசியாகப் போட வேண்டிய எட்டாம் பந்து மட்டும் மிச்சம் இருக்கும்போது, எதிராளி வெள்ளையைக் குஷனோடு ஒட்டவைத்துவிட்டுப் போகும்போது.

2023 ஜூன் 18

7 அடி சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று இங்கேயும் இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது.

பந்தின் அளவு மாறுவதில்லை. 7 அடியோ 9 அடியோ, அதே 57 மில்லிமீட்டர் பந்து, அதே பதினைந்தும் வெள்ளையும். தளம் சுருங்கியதால் பந்துகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் வைக்க இடுக்கு தேட வேண்டும். நீள ஷாட் சுலபமாகிறது, உண்மைதான். இட நெருக்கடியில் ஆடும் சாமர்த்தியம் அதற்கு ஈடாகக் கூடுகிறது. அமெரிக்காவில் பார்களில் கிடப்பது பெரும்பாலும் 7 அடி டேபிள்கள்தாம். அங்கே லீக் ஆட்டங்களும் அதில்தான் நிறைய நடக்கின்றன.

8 அடிக்காரர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க பூல் சாம்பியன் வில்லி மொஸ்கோனி 1954 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், தன் ஒரே முறையில், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் போட்டாரே, அது 8 அடி டேபிள். 9 அடி இல்லை. அந்த எண்ணிக்கையை ஜான் ஷ்மிட் 626 போட்டு 2019இல்தான் தாண்டினார். 8 அடியில் ஆடினார் என்று மொஸ்கோனியை யாரும் குறைத்துப் பேசியதில்லை.

2023 ஜூன் 25

எங்கள் வீட்டுக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "8 அடியை விற்று 7 அடி வாங்கினீர்களா, ஏன்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். சின்ன வயதில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் பில்லியர்ட்ஸ் மேஜையில் பழகியவர். 2016இல் டேபிள் வந்தபோது என்னைவிட அவருக்குத்தான் மகிழ்ச்சி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் க்யூ முனையில் சாக் பூசுவார். நிதானமான ஆட்டம்.

சுவர் இடிக்கிறது என்று தெரிந்ததும் 48 இன்ச் க்யூ ஒன்று வாங்கி வந்தேன். எடை குறைவு, கையில் நிற்காது. அப்பா அதை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு மூலையில் சாத்தினார். "இது ஆட்டுக்குட்டி ஓட்டுற குச்சிடா." அதற்குப் பிறகு தொடவே இல்லை. சுவரோரப் பந்து வந்தால் அதை விட்டுவிட்டு, கஷ்டமான வேறு பந்துக்குப் போவார். தவறவிடுவார். இரண்டாம் வருஷம் ஆட்டம் குறைந்தது. மூன்றாம் வருஷம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க ஆடுங்கடா, நான் எண்ணிக்கை பாத்துக்கறேன்" என்பார். முட்டிவலி என்றே நினைத்திருந்தேன்.

2022இல் என் மைத்துனன் வீட்டுக்குப் போயிருந்தோம். பெரிய ஹால், அதன் நடுவில் 7 அடி டேபிள். அப்பா எழுந்து போய்க் க்யூவை எடுத்தார், இரண்டு மணி நேரம் ஆடினார். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. திரும்பி வரும்போது காரில் நான் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மாதமே 8 அடியை விற்றேன். வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. 7 அடி போட்டதில் கிடைத்தது பக்கத்துக்கு இரண்டரை இன்ச்தான், மிகைப்படுத்த மாட்டேன். 54 இன்ச் இருந்த இடம் 56½ ஆயிற்று. முழு க்யூ இன்னமும் குறுக்கே நுழையாது. ஆனால் 48 இன்ச் குச்சிக்குப் பதில் 52 போதும் என்றாயிற்று. அந்த நாலு இன்ச்சில்தான் குச்சி குச்சியாக இருக்கிறது.

52 இன்ச் க்யூ எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்பாவே தன் பழைய க்யூவைக் கொண்டுவந்து நீட்டினார். "புதுசு எதுக்கு, இதையே அறுத்துடு." தெருமுனை ஆசாரியிடம் கொடுத்து அடிப்பக்கத்தில் 6 இன்ச் அறுத்தோம். கனம் முன்பக்கம் போய்விட்டது. அறுத்த இடத்தில் துளை போட்டு ஒரு இரும்பு போல்ட் இறக்கி ரப்பர் மூடி மாட்டினார். இப்போது பிடித்தால் பழைய குச்சி மாதிரியேதான் இருக்கிறது.

2023 ஜூன் 26

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அந்த 8 அடி டேபிளை ஒரு சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். ஒரு பக்கம் 58 வரும்படி தள்ளினால் மறுபக்கம் 50 ஆகும். அந்தப் பக்கம் சுத்தமாகச் செத்துவிடும். அகலத்தில் வேண்டாம். நீளவாக்கில் இடம் மிச்சம் இருந்தால் செய்யலாம். பிரேக், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, அடிக்கும் பக்கம் நீண்ட இழுப்பு வேண்டும், அங்கே இரண்டு இன்ச் கூடுதலாக விடுங்கள்.

2023 ஜூலை 2

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி. ஒற்றைக் கட்டில் மெத்தை 75க்கு 36 இன்ச். 7 அடி டேபிளின் ஆடுதளம் 78க்கு 39. கிட்டத்தட்ட ஒன்றுதான். கட்டிலை அறை நடுவில் போடுங்கள். ஒட்டடைக் கம்பு ஒன்றை 58 இன்ச்சுக்கும் இன்னொன்றை 52க்கும் அறுத்துக்கொள்ளுங்கள். மெத்தை விளிம்பிலிருந்து ஒன்றரை இன்ச் வெளியே ஒரு எலுமிச்சம்பழத்தை ஸ்டூல் மேல் வைத்து, டேபிள் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 30 இன்ச்சில், குனிந்து ஆடிப் பாருங்கள். நாலு பக்கமும், மூலைகளிலும்.

வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். கடையில் நூறு தடவை கேட்டாலும் தெரியாதது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

2023 ஜூலை 9

திருத்தம். 8 அடி என்றால் 88க்கு 44 என்று நான் எழுதியதை ஒரு அன்பர் பிடித்துவிட்டார். பெரிய எட்டு என்று ஒன்று உண்டு, அது 92க்கு 46. அதே போல 7 அடியிலும் 76க்கு 38 இருக்கிறது, 80க்கு 40 இருக்கிறது. வெளிச்சட்டத்தை அளந்து "8 அடி" என்று சொல்பவர்களும் உண்டு. பெயரைக் கேட்காதீர்கள். "மூக்குக்கு மூக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் நீங்களே குனிந்து அளந்துவிடுங்கள்.

2023 ஜூலை 16

வெளிநாட்டுக்காரர்களுக்கு வராத பிரச்சினை ஒன்று நமக்கு உண்டு. ஃபேன்.

கூரைத் தளம் போடும்போதே அறையின் நட்டநடுவில் ஃபேன் கொக்கியைப் புதைத்துவிடுகிறோம். டேபிள் வருவதும் நட்டநடுவில், விளக்கு தொங்க வேண்டியதும் அங்கேதான். மூன்றும் ஒரே புள்ளிக்குப் போட்டி போடும். சுவரில் உயரத்தில் இருக்கும் டியூப்லைட்டே போதும் என்று நான் முதலில் விட்டேன். ஃபேன் இறக்கைக்கு மேலே இருந்தது அந்த லைட். இறக்கையின் நிழல் டேபிள் முழுக்கச் சுழன்றது. அரை மணியில் தலைவலி வந்துவிடும்.

இப்போது நடு ஃபேனைக் கழற்றிவிட்டேன். குறுக்குச் சுவர் இரண்டிலும் வால் ஃபேன், ஆட்களைப் பார்த்துத் திருப்பியது. விளக்கு டேபிளின் தளத்துக்கு மேலே 3 அடியில், நீளவாக்கில் இரண்டு பட்டை எல்.இ.டி. அதைக் கொக்கியில் மாட்டவில்லை, கூரையில் தனியாகத் துளை போட்டு ஆங்கர் போல்ட்டில் தொங்கவிட்டோம். போட்டி விதிகளில் ஆடுதளத்தில் குறைந்தது 520 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறார்கள். வீட்டுக்கு அந்தக் கண்டிப்பு வேண்டாம், ஆனால் நாலு மூலைப் பாக்கெட்டிலும் ஒரே வெளிச்சம் விழ வேண்டும். பந்தின் நிழல் ஒரு பக்கம் நீண்டால் கண் ஏமாறும்.

2023 ஜூலை 23

தம்பியின் அப்பாவுக்கு மாடித் தளம் தாங்குமா என்று பயம். அம்மாவுக்கு, பாரம் கன்னி மூலையில்தானே இருக்க வேண்டும் என்று கவலை.

அப்பாவுக்கு: வீட்டுத் தளங்களுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஸ்லேட் கல் பலகை போட்ட 7 அடி டேபிள் 300 கிலோ என்று வைத்தாலும் அது அடைக்கும் இடம் ஏறக்குறைய 3 சதுர மீட்டர். பாதிதான் ஆகிறது. நல்ல கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய விஷயம் இல்லை. மரச் சட்டமும் செங்கல்லும் வைத்த பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள், இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

அம்மாவுக்கு: வீட்டில் அந்த ஹாலே தென்மேற்கில் இருந்தால் சரியாகப் போயிற்று. அறைக்குள் மட்டும் டேபிளை மூலைக்குத் தள்ளச் சொல்லாதீர்கள் அம்மா.

இதைவிடப் பெரிய கேள்வி, மாடிப்படி. மூன்றடி அகலப் படியில் நடுவில் திருப்பம் இருக்கும். ஸ்லேட் ஒரே பலகையா மூன்று துண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 7 அடியில் ஒற்றைப் பலகை டேபிள்கள் நிறைய. ஒரு இன்ச் கனத்தில் அந்தக் கல் மட்டும் 150 கிலோவைத் தாண்டும், திருப்பத்தில் திரும்பவும் திரும்பாது. மூன்று துண்டு என்றால் ஒவ்வொன்றும் 55, 60 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடுவார்கள். விலை குறைவு என்று, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வைத்த டேபிளுக்குப் போகாதீர்கள், ஐப்பசி மழை ஈரத்தில் உப்பிவிடும்.

2023 ஆகஸ்ட் 6

பூலை விட்டு ஸ்னூக்கருக்குப் போய்விட்டார்கள் சிலர். முழு அளவு 12 அடி மேஜையின் ஆடுதளம் 11 அடி 8½ இன்ச்சுக்கு 5 அடி 10 இன்ச். அறை 22க்கு 16 வேண்டும். எடை ஒரு டன்னுக்கு மேல், அது தரைத்தளத்துக்கு மட்டும்.

ஸ்னூக்கர் என்றதும் ஊட்டி ஞாபகம் வராமல் இருக்குமா? 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லெய்ன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் அது. பிறகு உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882இல் அதன் விதிகளை எழுதி மாட்டினார்கள். உலகம் முழுக்க ஆடும் ஒரு ஆட்டத்தின் சட்டம் நம் நீலகிரியில் ஒரு சுவரில் தொங்கியது. அப்பா இதைச் சொல்லாமல் ஒரு ஆட்டத்தையும் தொடங்க மாட்டார்.

2023 அக்டோபர் 14

நாளை நவராத்திரி. தம்பி வீட்டில் வழக்கமாகக் கொலு வைப்பது அந்த ஹாலில்தானாம். "பத்து நாளைக்கு டேபிளை ஓரமாகத் தள்ளிவைக்கலாமா?" என்று இப்போதே கேட்கிறார், டேபிள் இன்னும் வரவே இல்லை.

தள்ளக் கூடாது. மட்டம் பார்த்து இறக்கிய டேபிளை அரை அடி நகர்த்தினாலும் மட்டம் போயிற்று. மறுபடி ஆள் வர வேண்டும்.

எங்கள் வீட்டில் டேபிள் மேல் பழைய போர்வை விரித்து, அதன் மேல் இரண்டு பிளைவுட் துண்டு போட்டு, கொலுவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வைக்கும் பார்க், மலை, ரயில் தண்டவாளம் எல்லாம் அங்கே ஏறிவிடும். 7 அடிக்கு மூன்றடி, உட்கார்ந்து அடுக்க வேண்டாம், நின்றபடியே அடுக்கலாம். என் மனைவிக்கு இந்த டேபிளைப் பிடித்துப்போனது அப்படி முதலில் அடுக்கிய வருஷம்தான். படிக்கட்டுக் கொலு சாப்பாட்டு அறைக்கு மாறிவிட்டது. ஒரே கண்டிப்பு: அகல் விளக்கு, குத்துவிளக்கு எதுவும் டேபிள் மேல் கூடாது. எண்ணெய் ஸ்லேட் மேல் இழுத்துக் கட்டிய துணியில் இறங்கினால் போகவே போகாது.

2023 டிசம்பர் 10

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. மிக்ஜாம் புயல் எங்களையும் விடவில்லை. மூன்று நாள் மின்சாரம் இல்லை. மாடி என்பதால் டேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேளச்சேரியில் என் நண்பர் தரைத்தளத்தில் வைத்திருந்தார். தண்ணீர் ரெண்டடி நின்றிருக்கிறது. கல்லுக்கு ஒன்றும் இல்லை. சட்டமும் கால்களும் உப்பிப் பிளந்துவிட்டன. துணி தண்ணீரைத் தொடவே இல்லை, ஆனால் அறையின் ஈரத்தைக் குடித்துக்குடித்துப் பூசணம் பிடித்திருந்தது. கல்லை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். புதிதாகச் சட்டம் செய்துகொள்ளலாம்.

அறையின் அளவைப் பற்றியே இவ்வளவு நாள் பேசினேன். அந்த அறை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. சென்னைக்காரர்கள் அதையும் பாருங்கள்.

2024 ஜனவரி 17

காணும் பொங்கலன்று திருச்சியில் டேபிள் இறங்கிவிட்டது. 7 அடி, மூன்று துண்டு ஸ்லேட், மூக்குக்கு மூக்கு 78க்கு 39. நேரிலும் போய்ப் பார்த்தேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் சொல்ல மறந்த ஒன்று அங்கே தெரிந்தது. கழுவிவிடும் தண்ணீர் கதவுப் பக்கம் ஓட வேண்டும் என்று நம் ஊர்த் தரையில் வாட்டம் விட்டுத்தான் டைல்ஸ் போடுவார்கள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முக்கால் இன்ச் வித்தியாசம். கதவுப் பக்கத்து இரண்டு கால்களையும் உயர்த்தி, ரசமட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, கல் இணைப்புகளில் தேன்மெழுகை உருக்கி ஊற்றிச் சுரண்டி, அதன் பிறகுதான் துணியை இழுத்தார்கள். நாலு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பந்தை மெல்ல உருட்டிவிட்டார்கள். போய் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

க்யூ ஸ்டாண்டை நீளச் சுவரில் அடிக்க ஆணியோடு நின்றார் தம்பி. மூன்று இன்ச் போய்விடும் என்று தடுத்தேன். கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம்.

குறுக்கு ஷாட்டுக்கு வாங்கிய 52 இன்ச் க்யூவைத் தம்பி எடுக்கப் போனபோது அப்பா தன்னுடையதை நீட்டினார். அந்த அறுத்த குச்சியை மடிப்பாக்கத்திலிருந்து துணியில் சுற்றி ரயிலில் எடுத்து வந்திருக்கிறார், எனக்கே தெரியாது. நடு பாக்கெட்டுக்கு நேரே, குஷனோடு ஒட்டிய வெள்ளை. அடிப்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே என் கை அகலம் இருந்தது. இழுத்து அடித்தார். உள்ளே போயிற்று.